ஒவ்வும் உணவும் ஒவ்வா உணவும்

உண்ட சோறு உடம்பிற் சேரும் என்பதை எவரும் அறிவர். ஆயினும், அச்சோற்றை நம் உடம்பு அந்நியப் பொருளென்று விரட்டாமல் ஏற்றுக்கொள்வது எங்ஙனம் என்று வினவுவோர் மிகச் சிலரே. நெல்லும் கடலையும் பாலும் முட்டையும் நம் உடலைச் சார்ந்தவை அல்ல. வேறு செடிகளின், வேறு பிராணிகளின் உடற்பொருள்கள். அவற்றின் புரதத்தை ஊசி வழியே உட்செலுத்தினால், நோய்க்கிருமி புகுந்தாற்போல நம் உடம்பு அதனை எதிர்த்து எழும். அதே பொருளை வாய் வழியே உண்டால் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். இவ்வேற்றுமையின் காரணத்தை அறிந்துகொள்வது, பிள்ளை வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்தார்க்கும் இன்று அவசியமாகியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நூலும் நெல்லும் கடனும் வட்டியும் பேசவேண்டிய பத்திரிகையில் வயிற்றைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரு கடன் மனுவே என்னை இதற்குத் தூண்டியது.

சென்ற ஆண்டு, சேரன்மகாதேவி வட்டாரத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் இரண்டாம் முறையாகக் கடன் கேட்டு மனுச் செய்திருந்தார். காரணம் என்னும் இடத்தில் ‘குழந்தை வைத்தியச் செலவு’ என்று எழுதியிருந்தது. அவரை அழைத்து விசாரித்தேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் பல பத்து உணவுப் பொருள்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, நிலக்கடலை, முட்டை, பால், துவரை, கோதுமை, கத்தரிக்காய் முதலியவற்றின் எதிரே சிவப்புக் குறி இடப்பட்டிருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கரப்பான் கண்டிருந்ததாம். யாரோ சொன்ன யோசனையின்பேரில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்களாம். முதற்கடன் அந்தச் சோதனைக்குச் செலவாயிற்று. இரண்டாங்கடன் வெளிநாட்டு டப்பா மாவுக்கு. ஐந்து மாதமாகப் பிள்ளை அரிசிக் கஞ்சியும் பிஸ்கோத்துமே உண்டு மெலிந்திருந்தது.

“அண்ணாச்சி, கடலை தின்று பிள்ளைக்கு என்றேனும் உடம்புக்கு வந்ததுண்டா?” என்று கேட்டேன்.

“கொடுத்தால் அல்லவா தெரியும் ஐயா? நாங்கள் கொடுக்கவே இல்லை. ஒன்றுமே சேராது என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அச்சில் வந்ததை நான் எப்படி மறுப்பது?” என்றார்.

நான் வைத்தியன் அல்லன். கல்லூரியில் இரசாயனம் பயின்று, பின்னர் கூட்டுறவுத் துறையில் அமர்ந்தவன். ஆதலின் பிள்ளையை அரசு மருத்துவமனையின் குழந்தை வைத்தியரிடம் காட்டுமாறு மட்டும் கூறினேன். ஆனால் அந்தத் தாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதுபற்றிப் படித்தறிந்தவற்றையும், அவற்றால் நான் கொண்ட முடிவையும் அங்கத்தினர்முன் வைக்கிறேன்.

முதலில் குடலின் அமைப்பைக் காண்போம். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில் மடிப்புகளும், விரல்போன்ற நுண்ணிய குருத்துகளும் நிறைந்துள்ளன. உணவுப் பாதையின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால் 30 சதுர மீட்டருக்குச் சற்று மேற்படும் என்று 2014-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் கணக்கிட்டனர். இவ்வளவு பரப்பிலும் வெளியிலிருந்து வந்த உணவுக்கும் நம் இரத்தத்துக்கும் இடையே நிற்பது ஒற்றை வரிசை உயிரணுக்களே. நெருக்கி நெய்த துணிபோல் அவை ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. நான்கைந்து நாட்களில் பழையன உதிர்ந்து புதியன தோன்றுகின்றன. நம் உடலின் காவற்படையாகிய எதிர்ப்பு உயிரணுக்கள் ஏராளமாக இவ்வேலியின் ஓரத்திலே குடிகொண்டிருக்கின்றன.

இக்காவற்படையின் வேலை எளிதன்று. காலராக் கிருமியும் இவ்வழியே வரும். தயிர்ச்சோறும் இவ்வழியே வரும். ஒன்றைத் தடுத்து மற்றொன்றை விடவேண்டும். எந்த வவுச்சரையும் பாராமற் கையெழுத்திடும் தணிக்கையாளனும், எல்லா வவுச்சருக்கும் ஆட்சேபணை எழுதும் தணிக்கையாளனும் சங்கத்தைக் கெடுப்பர் என்பதை நாம் அறிவோம். குடலின் நிலையும் அத்தகையதே.

உணவின் புரதம் பெரும்பாலும் செரித்துக் கரைந்துவிடும். செரியாத சிறு துணுக்குகள் சில வேலியைக் கடந்து உட்புகும். அங்கே கிளைகிளையாகக் கரம் நீட்டியிருக்கும் ஒருவகை உயிரணுக்கள் அத்துணுக்குகளைப் பற்றி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று, ‘டி உயிரணுக்கள்’ எனப்படும் காவலர்க்குக் காட்டுகின்றன. குடலில் அமைதி நிலவும்போது இவ்வாறு காட்டப்பெறும் பொருளுக்கு எதிராகப் போர்வீரர் எழுவதில்லை. மாறாக, ‘இதனை எதிர்க்க வேண்டா’ என்று மற்றவர்களை அடக்கிவைக்கும் தனிவகை டி உயிரணுக்கள் தோன்றுகின்றன. இவற்றை அடக்கும் உயிரணுக்கள் என்போம். இவை தோன்றுவதற்கு வைட்டமின் ஏ-யிலிருந்து குடலில் உண்டாகும் ஓர் அமிலம் துணைபுரிகிறது. நார்ப்பொருளைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலமும் துணைபுரிவதாக 2013-ல் எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகள் காட்டின. நம் கொல்லையிலுள்ள முருங்கைக் கீரையும், வயலில் விளையும் பயறும் இவ்விரண்டிற்கும் மூலப்பொருள்களாகும்.

ஆகவே, உணவைப் பொறுத்துக்கொள்ளுதல் என்பது உடம்பு சும்மா இருத்தல் அன்று. அது குடல் முயன்று கற்றுக்கொள்ளும் பாடம். அந்தந்த உணவை உண்பதனாலேயே கற்றுக்கொள்ளும் பாடம். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இதுவே.

இவ்வுண்மை புதியதன்று. 1902-ல் பிரான்சு நாட்டு ரிஷே, போர்ட்டியே என்னும் இருவர், கடற்பிராணி ஒன்றின் நஞ்சை நாய்க்கு ஊசியில் ஏற்றிச் சில வாரங்களுக்குப்பின் மீண்டும் மிகச் சிறிதளவே ஏற்ற, அது சில நிமிடங்களில் மாண்டதைக் கண்டு அறிவித்தனர். தடுப்பு உண்டாகும் என்று எதிர்பார்த்த இடத்தில் கொடிய எதிர்ப்பு உண்டாயிற்று. ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே என்னும் குழந்தை வைத்தியர், உடம்பு இவ்வாறு மாறுபட்டு நடந்துகொள்வதற்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். 1911-ல் அமெரிக்காவில் வெல்ஸ் என்பவர், முட்டையின் வெண்கருவை முன்னரே உண்ட கினிப் பன்றிகளுக்கு அதே வெண்கருவை ஊசியில் ஏற்றினாலும் அக்கொடுமை நேர்வதில்லை என்று காட்டினார். ஊசியிற் பகையாவது வாயில் நட்பாகும் என்பது அன்றே வெளிப்பட்டது.

அதன் உட்காரணம் விளங்குவதற்கு மேலும் பல்லாண்டுகள் சென்றன. 1995-ல் ஜப்பானியரான சகாகுச்சி அடக்கும் உயிரணுக்களை இனங்கண்டார். 2001-ல் அமெரிக்கரான மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், நோயுற்ற ஓர் எலி இனத்தை ஆராய்ந்து, இவ்வுயிரணுக்களுக்கு ஆதாரமென்று பின்னர் விளங்கிய மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் அரிதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத வயிற்றுப்போக்கும் கரப்பானும் உண்டாகின்றன. உணவு ஒவ்வாமையும் பலர்க்குக் காணப்படுகிறது. அடக்குவோர் இல்லாவிடில் உடம்பு தனக்குத்தானே பகையாகிறது. இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, பாடம் தவறும்போது நேர்வதைப் பார்ப்போம். யாதேனும் ஓர் உணவை உடம்பு பகையென்று தவறாகக் கருதிவிட்டால், அதற்கென ‘ஐ.ஜி.ஈ.’ என்னும் ஒருவகை எதிர்ப்பொருளை உண்டாக்கி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ‘மாஸ்ட்’ உயிரணுக்களின்மேல் பதித்து வைக்கிறது. மீண்டும் அவ்வுணவு வந்தால் அவ்வுயிரணுக்கள் வெடித்தாற்போல ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடும். சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் அரிப்பும், உதடு வீக்கமும், வாந்தியும், மூச்சுத்திணறலும் தோன்றும்; கடுமையானால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு வரும். இதுவே மெய்யான உணவு ஒவ்வாமையின் முக்கிய வகை.

நம்மவர் ‘சேராது’ என்னும் ஒரே சொல்லால் பல வேறு துன்பங்களைக் குறிக்கின்றனர். பால் குடித்தால் வயிறு பொருமுவது, பெரும்பாலும் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவதனால் வருவது. அதில் எதிர்ப்பு உயிரணுக்களுக்குப் பங்கில்லை. கெட்ட மீனால் வரும் தடிப்பு, மீனில் ஊறிய ஹிஸ்டமினால் வருவது. கோதுமையின் பசைப்புரதத்தால் குடற்குருத்துகளே தேய்ந்துபோகும் சீலியாக் நோய் மற்றொன்று. அதுபற்றி 2016-ல் வெளிவந்த ஆய்வில், வட இந்தியரில் நூற்றுக்கு 1.23 பேர்க்கும், தென்னிந்தியரில் நூற்றுக்கு 0.10 பேர்க்குமே அந்நோய் காணப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. எல்லாவற்றையும் அலர்ஜி என்னும் ஒரே கணக்குத் தலைப்பில் எழுதினால் பேரேடு எப்படிச் சரியாகும்?

இப்போது, அந்த நெசவாளர் காட்டிய தாளுக்கு வருவோம். இரத்தத்தில் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருப்பதும், அவ்வுணவு உண்டால் நோய் வருவதும் ஒன்றல்ல. இதற்குச் சான்று நம் அண்டை மாநிலத்திலேயே கிடைக்கிறது. கர்நாடகத்தில் பெங்களூரு, மைசூரு வட்டாரங்களில், ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றோடு இணைந்து நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. வயதுவந்தோரில் நூற்றுக்கு 26.5 பேரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. காணப்பட்டது. ஆனால், உண்டபின் துன்பமும் கண்டு, சோதனையும் அதற்கு ஒத்திருந்தவர் நூற்றுக்கு 1.2 பேர் மட்டுமே. எஞ்சியவர்களிடம் அத்தகைய ஒவ்வாமை காணப்படவில்லை! தாளை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரும் நல்ல உணவைக் கைவிட்டிருப்பர். ஐ.ஜி.ஜி. என்னும் வேறோர் எதிர்ப்பொருளை அளந்து நீண்ட பட்டியல் தருவோரும் உளர். ஐ.ஜி.ஜி. இருப்பது அவ்வுணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கே அடையாளம். ஒவ்வாமைக்கு அது சான்றாகாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை வைத்தியர் சங்கங்கள் தெளிவாகவே கூறியுள்ளன.

உண்ணாமல் இருப்பதனால் தீங்கில்லையே, எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். மேல்நாட்டாரும் அவ்வாறே நினைத்து இடறினர். ஒவ்வாமைக்கு இடமுள்ள குடும்பங்களில் மூன்று வயதுவரை பிள்ளைக்கு நிலக்கடலை தரலாகாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2000-ல் அறிவுரை வழங்கியது. பெற்றோர் கீழ்ப்படிந்தனர், கடலை ஒவ்வாமை குறையவில்லை. 2008-ல் அவ்வறிவுரை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இங்கிலாந்திலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டது. கடலையைத் தள்ளிவைத்த இங்கிலாந்தில் நூற்றுக்கு 1.85 பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலைப் பண்டம் தின்னும் இஸ்ரேலில் நூற்றுக்கு 0.17 மட்டுமே.

இக்குறிப்பைக் கொண்டு லண்டனில் கிடியன் லாக் என்னும் வைத்தியரின் குழுவினர் பெரிய பரீட்சை ஒன்றை நடத்தினர். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரை வயதான 640 குழந்தைகளை இரு கூறாக்கினர். ஒரு கூறு கடலையை அறவே தவிர்த்தது; மற்றது வாரந்தோறும் உண்டது. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17.2 பேர்க்கும், உண்டவர்களில் நூற்றுக்கு 3.2 பேர்க்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. 2015-ல் இம்முடிவு வெளிவந்தது. அப்பிள்ளைகளைப் பதின்மூன்று வயதளவில் மீண்டும் பார்த்தபோதும் உண்டு வளர்ந்தோர்க்குப் பாதுகாப்பு நிலைத்திருந்ததென 2024-ல் அறிவித்தனர். 2017-ல் அமெரிக்க அரசின் ஆதரவில் வகுக்கப்பட்ட நெறிமுறை, காலத்தே கடலை ஊட்டுக என்று முன்னைய அறிவுரைக்கு நேர்மாறாகவே அமைந்தது.

வாய் வழியே உணவு வருமுன் தோல் வழியே வந்தால் நேர்வது யாது என்பதையும் அறிதல் வேண்டும். கரப்பானால் வெடித்த தோல், வேலி உடைந்த தோட்டம். அவ்வழி நுழையும் உணவுத் துணுக்கை உடம்பு பகையாகவே காண்கிறது. 2003-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வொன்று, கடலை எண்ணெய் கலந்த களிம்பை வீங்கிய தோலிற் பூசிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டதென்று காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்தியவர்களில், அதுவரை கோதுமைப் பண்டங்களை உண்டு நலமாக இருந்த ஈராயிரம் பேருக்கு மேற்பட்டோர்க்குக் கோதுமை ஒவ்வாமை நேர்ந்தது. 2011-ல் அச்சோப்பைத் திரும்பப் பெற்றனர். நம் வீடுகளில் பிள்ளையைக் கடலை மாவும் பயற்றமாவும் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. நல்ல தோலுக்கு அதனால் கேடு என்று நான் கூறவில்லை. ஆனால் கரப்பான் கண்ட பிள்ளைக்கு, உண்ணக் கொடுக்காத பருப்பை உடம்பில் மட்டும் தேய்ப்பது தலைகீழான முறை என்பது என் எண்ணம். கொண்டைக்கடலை நம் நாட்டில் ஒவ்வாமை தரும் முக்கிய உணவுகளுள் ஒன்று என மும்பை வைத்தியர்கள் 2001-லேயே எழுதியுள்ளனர்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபணைக்கு விடை கூறவேண்டும். ‘மண்ணிலும் சேற்றிலும் புரளும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்நோய் இல்லை, சுத்தம் பார்ப்பதனால்தான் வருகிறது’ என்று படித்தவர்களும் பேசுகின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளி சேரும் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2016-ல் வெளிவந்த ஆய்வில், ஆசியாவிற் பிறந்து அங்குக் குடியேறிய பிள்ளைகளைவிட, ஆசியப் பெற்றோர்க்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த பிள்ளைகளிடம் கடலை, கொட்டை வகை ஒவ்வாமை மிகுந்திருந்தது. இரத்தம் ஒன்றே, பிறந்து வளர்ந்த சூழலே வேறு. மண்ணோடும் கால்நடையோடும் பழகுதல், பலவகை உணவு உண்ணுதல் ஆகியவை குடலுக்கு நல்லாசிரியர்களாக இருக்கலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் குடிபெயரும் நம் மக்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆனால் அசுத்த நீர் ஆசிரியன் ஆகாது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய் பரவி, உண்ட உணவு உடலிற் சேராமலே பலர் மெலிந்தனர். அதனை ஆராய்ந்த வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மாத்தன் முதலிய வைத்தியர்கள், நலமாகத் தோன்றிய கிராமத்தார் பலரின் குடற்சுவருங்கூடச் சிதைவுற்றிருக்கக் கண்டனர். வாய்வழிக் கொடுக்கும் போலியோ மருந்து மேல்நாட்டுப் பிள்ளைகளிடம் பலித்த அளவுக்கு வேலூர்ப் பிள்ளைகளிடம் பலிக்கவில்லை என்று அதே கல்லூரியின் ஜேக்கப் ஜான் 1970-களில் காட்டினார். ஓயாமல் கிருமியோடு போரிடும் குடல் வேறு பாடம் கற்பதற்கு ஏது ஓய்வு? ஆதலின் கழிவு கலந்த வாய்க்கால் நீரைப் புகழ்வது அறியாமை. கன்னடியன் கால்வாயில் பிள்ளைகள் நீந்தட்டும்; காய்ச்சிய நீரைக் குடிக்கட்டும்.

அஞ்சவேண்டாததற்கு அஞ்சுவதைக் கண்டித்த நான், அஞ்சவேண்டியதையும் கூறாது விடலாகாது. சில ஆண்டுகளுக்குமுன் உறவினர் திருமணப் பந்தியில் இருபது வயது இளைஞன் ஒருவன் முந்திரிப் பருப்பு இட்ட இனிப்பை உண்டான். கால் நாழிகைக்குள் உதடு தடித்தது, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, மூச்சு இரைத்தது. “சூடு பிடித்துவிட்டது, மோர் கொடுங்கள்” என்றார் ஒரு பெரியவர். “படுக்க வைத்து விசிறுங்கள்” என்றார் மற்றொருவர். விருந்துக்கு வந்திருந்த செவிலி அம்மையார் ஒருவர், “மோரும் வேண்டாம், விசிறியும் வேண்டாம், வண்டியை எடுங்கள்” என்று அதட்டினார். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரடைந்தது. முன்பு இருமுறை முந்திரி உண்டபோது அவனுக்கு வாய் அரித்ததாம். வீட்டார் அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. இத்தகையோர்க்கு அவ்வுணவு நஞ்சே. ‘கொஞ்சம் தின்று பழகினால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் பரீட்சை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். பழக்கிச் சரிசெய்யும் சிகிச்சையும் உண்டு. அது தேர்ந்த வைத்தியர் கண்முன் நடக்கவேண்டியது.

எனவே, ஒவ்வா உணவு என்று தீர்மானிப்பதற்கு உண்டபோது நிகழ்ந்ததே முதற்சாட்சி. சோதனைத் தாள் இரண்டாம் சாட்சி. முதற்சாட்சி இல்லாதபோது இரண்டாம் சாட்சியை மட்டும் வைத்துப் பிள்ளையின் வட்டிலைப் பறிமுதல் செய்யலாகாது. இதில் ஐயம் எழுமானால் தீர்ப்பவர் வைத்தியரே; அண்டை வீட்டாரும் அல்லர், கடைக்காரரும் அல்லர்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கன சில உண்டு. முதலாவதாக, ஆண்டுக்கொருமுறை பொதுச்சபை கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை அழைத்துத் தாய்மார்க்கு அரைமணி நேரம் பேசச் செய்யலாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, கடலை என்று ஒவ்வொன்றாகத் தாமதமின்றிப் பழக்குதல் என்பதே அவர் கூறவேண்டிய செய்தி. கடலையை முழுதாகக் கொடுத்தால் மூச்சுக்குழலில் அடைக்கும். அரைத்துக் கஞ்சியிற் கலந்தே ஊட்டவேண்டும். கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டபின்னரே கடலையைத் தொடங்கவேண்டும்.

இரண்டாவதாக, வைத்தியச் செலவுக்கு என்று கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், அச்செலவை எழுதிக்கொடுத்த வைத்தியர் யார் என்று நிர்வாகக் குழுவினர் கனிவோடு விசாரிக்க வேண்டும். கடனை மறுப்பதற்காக அன்று. கடன் வாங்கி ஏமாறாதிருப்பதற்காக.

மூன்றாவதாக, உணவுப் பண்டம் செய்து விற்கும் சங்கங்களும் மகளிர் குழுக்களும் உறைமேல் உண்மையை எழுதவேண்டும். 2020-ல் வகுக்கப்பெற்ற உணவுப் பண்டக் குறிப்பு விதிகளின்படி, கோதுமை போன்ற பசைப்புரதத் தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, கொட்டை வகை, சோயா, சல்பைட்டு ஆகியவை இருந்தால் அதனைக் குறிப்பிடுதல் கட்டாயம். கடலை உருண்டை பிடித்த தட்டிலேயே எள்ளுருண்டையும் பிடித்தால் அதனையும் தெரிவிக்கவேண்டும். இதனால் விற்பனை குறையும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன்: அடக்கத்தை மறைக்காத பண்டத்தைத்தான் மக்கள் மீண்டும் தேடி வருவர், நூல் எண்ணை மறைக்காத சேலையைத் தேடி வருவதுபோல.

நான்காவதாக, சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒரு பலகை தொங்கட்டும்: ‘உணவு உண்டபின் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால், உடனே 108.’ அதிக எழுத்து வேண்டா.

இவ்வாண்டு அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றேன். அந்த நெசவாளர் தறியை விட்டு எழுந்து வந்தார். அரசு மருத்துவமனையின் குழந்தை வைத்தியர், விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் தம் பார்வையில் கொடுத்துப் பார்த்தாராம். மெய்யாக ஒவ்வாதது முட்டை ஒன்றே. அதுவும் பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற நீங்கிவிடும் என்று தேற்றியிருக்கிறார். பிள்ளையின் கரப்பானுக்குக் களிம்பு கொடுத்து, தோலை வறளவிடாமல் காக்கச் சொல்லியிருக்கிறார். பருப்பும் பாலும் கடலைப் பொடியும் உண்டு பையன் எடை கூடியிருக்கிறான். டப்பா மாவுக்கு என்று கேட்ட இரண்டாங்கடன் மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தாளுக்காக வாங்கிய முதற்கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி நிற்கிறது.

அச்சடித்த தாளுக்கு அஞ்சி நம் பிள்ளைகளின் வட்டிலை வெறுமையாக்காதிருப்போமாக. நம் வயலில் விளைந்ததைக் காலத்தே அவர்களுக்கு ஊட்டுவோம்; மெய்யாக ஒவ்வாமை கண்டவரைப் பரிகசிக்காமல் பாதுகாப்போம். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் அறிவும் ஒழுங்கும் கூட்டுறவாளர்க்கு அரியன அல்ல.